முதுகில் ஆபரேஷன், கண்ணில் இருட்டு

கேள்வி: எங்களுக்கு நெல்லிக்குப்பம். 14 மாதத்துக்கு முன் புதுச்சேரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் என் கணவருக்கு முதுகுத்தண்டு ஆபரேஷன் நடந்தது. காலை 8 மணிக்கு உள்ளே போனவரை 4 மணிக்கு மேல்தான் வெளியே கொண்டுவந்தார்கள். மயக்கம் தெளிந்ததும் வலது கண் தெரியவில்லை என்றார். இமையும் நெற்றியும் வீங்கிச் சிவந்திருந்தன. “அபூர்வமாக இப்படி வரும், கையெழுத்துப் போட்டுத்தானே கொடுத்தீர்கள்” என்கிறார்கள். வழக்குப் போடலாமா?

பதில்: போடலாம் அம்மா. ஆனால் அபூர்வம் என்று அவர்கள் சொல்வது பொய்யில்லை. மணிக்கணக்கில் குப்புறப் படுத்திருந்து, ரத்தமும் நிறையப் போனால், பார்வை நரம்புக்கு ரத்தம் குறைந்து கண் போவதுண்டு. எல்லாம் சரியாகச் செய்தும் நேரலாம்; பெரும்பாலும் இரண்டு கண்ணையும் பாதிக்கும். இன்னொன்று, முகத்தைத் தாங்கும் மெத்தை நகர்ந்து கண்ணை அழுத்தி, விழித்திரை ரத்தக்குழாய் அடைபடுவது. இது பெரும்பாலும் ஒரு கண்ணில்தான், இமையும் வீங்கும். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி அந்த வீக்கம்தான். எது நடந்தது என்று முதலில் ஒரு கண் மருத்துவரிடம் எழுத்தில் வாங்குங்கள். தவளக்குப்பம் அரவிந்த் கண் மருத்துவமனை உங்களுக்குப் பக்கம்தானே.

கையெழுத்தைக் கண்டு பயப்பட வேண்டாம். கவனக்குறைவுக்கு யாரும் சம்மதம் தருவதில்லை. அதேசமயம், “இந்த ஆபத்தைச் சொல்லவில்லை” என்பதை மட்டும் நம்பி வழக்கை நடத்தாதீர்கள். மிக அரிதான ஆபத்துகளை எல்லாம் சொல்ல வேண்டியதில்லை என்று 2008 சமீரா கோலி வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

வழக்கின் உயிர் மயக்க மருந்து சார்ட்டில் இருக்கிறது. ரத்த அழுத்தம் எவ்வளவு இறங்கியது, எவ்வளவு ரத்தம் போனது, கண்ணை இடையிடையே பார்த்தார்களா என்பதெல்லாம் அதில் தெரியும். டிஸ்சார்ஜ் சம்மரியை நீட்டினால் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். முழு கேஸ் ஷீட்டும் மயக்க மருந்து சார்ட்டும் வேண்டும் என்று பெயர் சொல்லி உங்கள் கணவர் கையெழுத்திட்டு, ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். 2002 மருத்துவ நெறிமுறைப்படி 72 மணி நேரத்தில் தர வேண்டும். வக்கீல் நோட்டீஸ் பிறகு போகட்டும். அதைப் பார்த்தால் காகிதம் கிடைப்பது தாமதமாகும் என்பது என் அனுபவம்.

நுகர்வோர் வழக்குக்கு 2 ஆண்டுதான் கெடு, 10 மாதம் மிச்சம். ஆபரேஷன் புதுச்சேரியில் என்றாலும், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, கடலூர் ஆணையத்தில், தாக்கல் செய்யலாம். மருத்துவமனைக்குக் கட்டியது 5 லட்சத்துக்குள் என்றால் வழக்குத் தாக்கல் செய்யக் கட்டணமில்லை. போலீஸ் புகார் இப்போது வேண்டாம்.

அன்று வார்டில் யாராவது அவர் முகத்தை செல்போனில் படம் எடுத்தார்களா? இருந்தால் அந்த போனை மாற்றாதீர்கள், படத்தையும் அழிக்காதீர்கள்.