600 கிலோஹெர்ட்ஸ் இடைவெளிக்கு அந்தத் தட்டை டூப்ளெக்சர் போதாது

நீங்கள் கேட்ட, லேபிள் இல்லாத அந்த ஆறு கேவிட்டி (அலைவரிசையை வடிகட்டும் உலோக அறை) தட்டை டூப்ளெக்சரை, அதாவது ஒரே ஆன்டெனாவில் அனுப்பலையும் வாங்கலையும் பிரிக்கும் பெட்டியை, உங்கள் சுங்கை சிப்புட் ரிப்பீட்டருக்கு (வரும் சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் ரேடியோ நிலையம்) போடாதீர்கள். 145 மெகாஹெர்ட்ஸில் அனுப்பலும் வாங்கலும் 600 கிலோஹெர்ட்ஸ்தான் தள்ளி இருக்கின்றன. இந்த வகைப் பெட்டி பெரும்பாலும் சில மெகாஹெர்ட்ஸ் இடைவெளிக்குச் செய்யப்பட்டது.

உங்கள் டிரான்ஸ்மிட்டர் எழுந்ததும் தூரத்து ஸ்டேஷன் மறைவதற்கு, டிரான்ஸ்மிட்டரின் இரைச்சல் ரிசீவருக்குள் கசிவதே காரணமாக இருக்கலாம். அதைத் தடுக்க சுமார் 80 டெசிபெல் பிரிப்பு வேண்டும். உயரமான கேவிட்டிகளைத் தேடுங்கள். இந்த அலைவரிசையில் கால் அலை நீளமே அரை மீட்டர்.

டூப்ளெக்சரின் வகையை அறிய நானோவிஎன்ஏ என்ற சிறு அளவீட்டுக் கருவியில் எஸ்21 (ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கடக்கும் சிக்னலின் அளவு) வரைபடத்தைப் பாருங்கள். பள்ளம் மட்டும் தெரிந்தால் நாட்ச், அதாவது ஓர் அலைவரிசையை வெட்டுவது மட்டும். மேடும் பக்கத்தில் பள்ளமும் தெரிந்தால் பாஸ்-ரிஜெக்ட், அதாவது ஒன்றைக் கடத்தி மற்றதை வெட்டுவது. உங்களுக்கு வேண்டியது இதுதான். ஆனால் பள்ளத்தின் அடிமட்ட அளவை அந்தக் கருவியில் அப்படியே நம்ப வேண்டாம், அதன் எல்லை அங்கே முடிந்துவிடும்.

பணம் போடும் முன் ஒரு சோதனை: ஆன்டெனாவைக் கழற்றி டம்மி லோடு (ஆன்டெனாவுக்குப் பதில் சக்தியை உறிஞ்சும் சுமை) மாட்டி, மெல்லிய சிக்னல் கொடுத்து டிரான்ஸ்மிட்டரை ஏற்றுங்கள். அப்போதும் அந்த சிக்னல் மறைந்தால் குறை டூப்ளெக்சரிலோ கேபிளிலோ. மறையாவிட்டால் டவரில் துருப்பிடித்த இணைப்புகளைப் பாருங்கள். நம் மழைக்கு அது சகஜம்.

அப்புறம், அதே டவரில் செம்பனைத் தோட்டத்து வாக்கி-டாக்கியும் இருப்பதாகச் சொன்னீர்கள். டூப்ளெக்சரின் நாட்ச் அந்த சிக்னலைத் தடுக்காது. ரிசீவர் பக்கம் தனியாக ஒரு பேண்ட்பாஸ் கேவிட்டி (வேண்டிய அலைவரிசையை மட்டும் உள்ளே விடுவது) தேவைப்படும்.