மெமரி சிப் காப்புரிமையை ‘வெளிப்படையானது’ என்று மறுத்தால் என்ன செய்வது? கேள்வி பதில்

குன்னூரில் காப்புரிமை முகவராக இருக்கிறேன். நம் மலைப் பக்கத்திலிருந்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ‘வெளிப்படையானது’ என்றால், பழையதைப் பார்த்தாலே துறை அறிந்தவருக்குத் தானாகத் தோன்றிவிடும் என்று பொருள்.

கோத்தகிரியிலிருந்து: அக்கா, டைனமிக் ரேமில் (கணினியின் தற்காலிக நினைவகச் சிப்) சேமித்தது சீக்கிரம் மறையும் பலவீனமான வரிசைகளை மட்டும் அடிக்கடி ரிஃப்ரெஷ் செய்யும் (மறையுமுன் திரும்ப எழுதும்) சர்க்யூட் என்னுடையது. இரண்டு பழைய ஆவணங்களைச் சேர்த்தால் இதுதான் வரும் என்று காப்புரிமை அலுவலகக் கன்ட்ரோலர் மறுத்துவிட்டார்.

தம்பி, உத்தரவை இரண்டு முறை படித்தேன். முதல் ஆவணம் சூட்டைப் பார்த்து மொத்தச் சிப்புக்கும் ரிஃப்ரெஷ் இடைவெளியை மாற்றுகிறது. டிடிஆர்4 வகை ரேமில் வழக்கம் 64 மில்லி விநாடி, 85 டிகிரி செல்சியஸ் தாண்டினால் 32. இரண்டாவது, பலவீனமான வரிசையைத் தொழிற்சாலையிலேயே கண்டுபிடித்து ஒதுக்கிவிட்டு உபரி வரிசையைப் போடுகிறது. ஒதுக்கிவிட்ட வரிசைக்கு எதற்கு ரிஃப்ரெஷ்? அந்த வழியில் போகிறவருக்கு உங்கள் யோசனையே தேவைப்படாது. இரண்டையும் ஏன் சேர்க்க வேண்டும் என்பதற்கு உத்தரவில் இருப்பது ஒரே வரி: “துறை அறிந்தவர் எளிதில் சேர்ப்பார்.” உங்கள் மேல்முறையீடு அந்த வரியைப் பிடித்துத்தான் நிற்க வேண்டும். விடை தெரிந்த பிறகு எந்த விடுகதையும் சுலபம்தான். பழைய ஆவணம் சொல்வது என்ன, உங்கள் கண்டுபிடிப்பு என்ன, அதிலிருந்து இது எப்படி வெளிப்படை என மூன்றையும் கன்ட்ரோலர் அலச வேண்டும் என்று 2022-ல் அக்ரிபோர்டு வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதைக் கட்டாயம் காட்டுங்கள். மின்சாரம் மிச்சமாகும் கணக்கையும் சேருங்கள், ஆனால் மூல விண்ணப்பத்தில் உள்ளதை மட்டும்.

ஊட்டியிலிருந்து: எங்கே, எத்தனை நாளுக்குள் மேடம்?

காப்புரிமைச் சட்டத்தின் 117ஏ பிரிவுப்படி 3 மாதம். இதற்கென இருந்த மேல்முறையீட்டு வாரியம் 2021-லேயே போய்விட்டது. சென்னை அலுவலகத்து உத்தரவென்றால் சென்னை உயர் நீதிமன்றம்தான். அங்கே நான் வாதாட முடியாது, வக்கீல் வேண்டும். கடைசி வாரம்வரை இழுக்காதீர்கள். மழையில் பர்லியாறு பக்கம் மண் சரிந்தால் கையெழுத்துப் போட்ட காகிதம் கீழே இறங்காது.

கூடலூரிலிருந்து: இப்போது கிளெய்மை (உரிமை கோரும் எல்லையை) திருத்தலாமா?

குறுக்கலாம், விரிக்க முடியாது. 59-வது பிரிவைப் பாருங்கள்.

வெலிங்டனிலிருந்து: என் ஃபிளாஷ் மெமரி விண்ணப்பத்துக்கு அமெரிக்காவில் 103-வது பிரிவில் (‘வெளிப்படையானது’ என்று) இறுதி மறுப்பு வந்திருக்கிறது.

சரி, அங்கே கணக்கு வேறு. “சேர்க்கச் சொல்லி எந்த ஆவணத்திலும் இல்லை” என்ற வாதம் மட்டும் எடுபடாது. 2007-ல் கேஎஸ்ஆர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் துறை அறிந்தவரின் பொது அறிவுக்கும் இடம் கொடுத்துவிட்டது. ஆனால் எக்ஸாமினர் (விண்ணப்பத்தைச் சோதிக்கும் அதிகாரி) காரணம் சொல்லியே ஆக வேண்டும். மேல்முறையீட்டு நோட்டீஸோடு சேர்த்து 5 பக்கத்துக்குள் முன்பரிசீலனை (முழு மேல்முறையீட்டுக்கு முன் மறுப்பை அலுவலகமே ஒருமுறை பார்ப்பது) கேளுங்கள். அவர் காரணமே சொல்லாமல் தாண்டிய இடத்தை முதல் பக்கத்திலேயே வையுங்கள்.