சட்டப் பேராசிரியராக விரும்பும் மகளின் தந்தைக்கு

அன்புள்ள ஐயா,

அமெரிக்கக் கல்லூரியில் வரலாறு படிக்கும் உங்கள் மகள், இனப் பாகுபாட்டையும் அரசமைப்புச் சட்டத்தையும் ஆராயும் பேராசிரியராக விரும்புகிறார். இதில் பிழைப்பு நடக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். நடக்கும், ஆனால் அந்த நாற்காலியில் அமர ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் பிடிக்கும் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அங்கே எந்தப் பாடத்தில் பட்டம் பெற்றவரும் ஜே.டி. என்னும் மூன்றாண்டுச் சட்டப் படிப்பில் சேரலாம். அதன்பின் நீதிபதி ஒருவரிடம் ஓராண்டு கிளார்க் (சட்ட ஆய்வு உதவியாளர்) பணி, சில ஆண்டு வழக்கு அனுபவம், ஆய்வுக் கட்டுரைகள், பலருக்கு முனைவர் பட்டமும் என்று வழி நீள்கிறது. சட்ட ஆய்விதழ்கள் பெரும்பாலானவற்றை மாணவர்களே நடத்துகிறார்கள் என்பது நமக்கு வியப்பாக இருக்கலாம். அதில் பணியாற்றியது பிற்கால நியமனத்தின்போது கவனிக்கப்படும்.

வழக்காடுவதைக் கால விரயமாக எண்ணி, நேரே ஆராய்ச்சிக்குப் போக மகளை அவசரப்படுத்தாதீர்கள். கறுப்பினச் சட்ட அறிஞர் டெரிக் பெல் 1957இல் சட்டப் பட்டம் பெற்று அமெரிக்க அரசின் நீதி அமைச்சகத்தில் சேர்ந்தார். கறுப்பின உரிமை அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி.யின் உறுப்பினர் பதவியைக் கைவிடச் சொன்னபோது வேலையையே விட்டார். பிறகு கறுப்பின உரிமை வழக்கறிஞர் தர்குட் மார்ஷலின் கீழ், மிசிசிப்பிப் பள்ளிகளில் இனப் பிரிவினையை நீக்கக் கோரிய 300க்கும் மேற்பட்ட வழக்குகளை மேற்பார்வையிட்டார். ஹார்வர்டு சட்டப் பள்ளியில் 1971இல் நிரந்தரப் பதவி பெற்ற முதல் கறுப்பினப் பேராசிரியர் அவரே. வெள்ளையரின் நலனோடு ஒத்துப்போகும்போதுதான் கறுப்பினத்தவருக்கு நீதி கிடைக்கிறது என்று 1980இல் அவர் எழுதிய புகழ்பெற்ற கட்டுரைக்குப் பின்னால் அந்த வழக்குகளின் அனுபவம் இருந்தது.

செலவைப் பொறுத்தவரை, முனைவர் படிப்புக்குப் பெரும்பாலும் உதவித்தொகை உண்டு; ஜே.டி.க்கு அப்படியில்லை, பெரும்பாலும் கடன்தான். எனவே கல்லூரியின் பெயரை மட்டும் பார்க்காமல், கட்டணச் சலுகையையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இந்த விடுமுறையில், அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 1896இன் பிளெஸ்ஸி, 1954இன் பிரவுன், 2023இன் ஹார்வர்டு மாணவர் சேர்க்கை வழக்கு ஆகிய மூன்று தீர்ப்புகளையும், உடன்படாத நீதிபதிகள் எழுதிய மறுப்புரைகள் இருந்தால் அவற்றோடு மகளைப் படிக்கச் சொல்லுங்கள். எவருக்கும் சட்டங்களின் சமப் பாதுகாப்பை மறுக்கக் கூடாது என்னும் அமெரிக்க அரசமைப்பின் 14ஆம் திருத்தத்தின் ஒரே வாசகம், முதல் வழக்கில் இனவாரியான தனி ரயில் பெட்டியை அனுமதித்தது. இரண்டாவதில் இனவாரியான தனிப் பள்ளியைத் தடுத்தது. மூன்றாவதில் இனத்தைக் கருதிச் சேர்க்கும் முறையை வீழ்த்தியது. பிளெஸ்ஸியில் தனித்து மறுத்த நீதிபதி ஹார்லனை 2023இல் இரு தரப்பு நீதிபதிகளும் மேற்கோள் காட்டுகிறார்கள். அது எப்படி என்று மகளே கேட்டு உங்களோடு வாதிடத் தொடங்கினால், சட்டப் பள்ளி நுழைவுத் தேர்வான எல்சாட்டுக்கான தேதியைப் பேச இருவரும் வாருங்கள்.