ஒரு தடவை வந்தவர் மறுவாரம் ஏன் வருவதில்லை?

கேள்வி: எங்கள் சபை எந்த ஒரு பிரிவையும் சேர்ந்ததல்ல, யார் வேண்டுமானாலும் வரலாம். ஞாயிறு ஆராதனைக்கு வரும் புதியவர்களை எழுந்து நிற்கச் சொல்லி, கைதட்டி, பாட்டுப் பாடி வரவேற்கிறோம். ஆனாலும் பலர் திரும்பி வருவதில்லை. வரவேற்புக் குழுவில் இருக்கும் நான் எதை மாற்றலாம்?

பதில்: எழுந்து நிற்கச் சொல்வதை முதலில் விட்டுவிடுங்கள், சகோதரி. மனம் நொந்து, கடைசி வரிசையில் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகலாம் என்று வந்தவர் பக்கம் சபை முழுக்கத் திரும்பிப் பார்த்தால், அவருக்கு மாட்டிக்கொண்டது போலத்தான் இருக்கும். மூப்பராக இருந்த எனக்கே வேறொரு சபையில் அப்படி நின்றபோது கை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அன்பு போதவில்லை என்று யாரும் போய்விடுவதில்லை. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று தெரியாத சங்கடம்தான் பெரிது, அதுவும் உங்களுடையது போன்ற சபையில் காலமெல்லாம் ஆலயத்துக்குப் போனவர்கூடப் புதியவர்தான். கர்த்தருடைய ஜெபத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கத்தோலிக்கப் பழக்கத்தில் வளர்ந்தவர் தீமையிலிருந்து விடுவிக்கக் கேட்கும் வரியோடு நிறுத்திவிடுவார், மற்றவர்கள் ‘ராஜ்யமும் வல்லமையும் மகிமையும்’ என்று தொடர்வார்கள், அவர் திறந்த வாயை மூடிக்கொண்டு நிற்பார். சின்ன விஷயம்தான், ஆனால் ‘இது நம்ம இடம் இல்லை’ என்று தோன்ற அது போதும். ஜெபத்தைத் திரையிலோ தாளிலோ முழுதாகக் கொடுங்கள். எப்போது நிற்பது, எப்போது உட்காருவது, வேதபகுதி எந்தப் பக்கம் என்பதை நடத்துபவர் ஒவ்வொரு தடவையும் வாய்விட்டுச் சொல்லட்டும். பழகியவர்களுக்குச் சலிப்பாக இருக்கும் என்பார்கள், இருக்கட்டுமே.

அப்பமும் கிண்ணமும் பகிர்ந்துகொள்ளும் திருவிருந்து நாளில்தான் கூடுதல் கவனம் வேண்டும். ‘எல்லோரும் வாருங்கள்’ என்று மட்டும் சொன்னால் போதாது. கத்தோலிக்கத் திருச்சபையும் ஆர்த்தடாக்ஸ் திருச்சபைகளும் தங்கள் மக்கள் வேறு சபையில் திருவிருந்து எடுப்பதைப் பொதுவாக அனுமதிப்பதில்லை, ஆகவே நீங்கள் அன்போடு அழைக்க அழைக்க அவருக்கு நெருக்கடிதான் கூடும். 1982-இல் லீமாவில் உலகத் திருச்சபைகள் மன்றத்தின் குழு ஒன்று ஞானஸ்நானம், திருவிருந்து, ஊழியம் பற்றிப் பொது ஆவணமே முடித்துக் கொடுத்தது, அப்படியும் எல்லாப் பிரிவினரும் ஒரே பந்திக்கு வந்தபாடில்லை. அதை ஞாயிறு காலையில் உங்கள் குழு தீர்க்க வேண்டாம்.

போதகர் இப்படி அறிவிக்கலாம்: “விரும்புகிறவர்கள் முன்னால் வரலாம். கிண்ணத்தில் இருப்பது திராட்சைச் சாறு, மது அல்ல. ஆசீர்வாத ஜெபம் மட்டும் போதும் என்றால் கைகளை மார்பில் குறுக்கே வைத்துக்கொண்டு வாருங்கள். இருந்த இடத்திலேயே இருந்தாலும் நல்லதே.” (உங்கள் சபையில் மது என்றால் அதையும் சொல்லிவிடுங்கள், குடியை விட்டவர் ஒருவர் அங்கே இருக்கலாம்.) வரிசை வரிசையாக எழுப்பிவிடும் உதவியாளரிடம் உட்கார்ந்திருப்பவரைக் கண்ணால்கூடக் கூப்பிடக் கூடாது என்று சொல்லி வையுங்கள்.

வாசலில் ‘எந்தச் சபை?’ என்பதை முதல் கேள்வியாக வைக்காதீர்கள். எல்லாருக்கும் திறந்த சபை என்று பலகை வைத்துவிட்டு அப்படிக் கேட்டால் எப்படி? பொன்மோதிரக்காரனுக்கு நல்ல இடம், ஏழைக்கு ‘அங்கே நில்’ என்பதை யாக்கோபு தம் நிருபத்தின் 2-ஆம் அதிகாரத்தில் கண்டிக்கிறார், அதை உதவியாளர்கள் எல்லாரும் ஒரு தடவை சேர்ந்து வாசிப்பது நல்லது. காணிக்கை நேரத்தில் ‘விருந்தினர்கள் கொடுக்க வேண்டியதில்லை’ என்று ஒரு வரி போதும்.

அப்புறம், ஆசீர்வாதம் முடிந்த பின் வரும் பத்து நிமிடம். அப்போதுதான் குழுவினர் மைக் வயரைச் சுருட்டிக்கொண்டும் அடுத்த கூட்டத்தைப் பேசிக்கொண்டும் இருப்பார்கள், புதியவர் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பார். முன்பு விசுவாசிகளைத் துன்புறுத்திய சவுல் (பின்னாளில் பவுல்) மனம் மாறி எருசலேமுக்கு வந்தபோது எல்லாரும் பயந்தார்கள், பர்னபா என்ற விசுவாசிதான் அவரைக் கூட்டிக்கொண்டு போய் அப்போஸ்தலரிடம் சேர்த்தார். அந்த மாதிரி இரண்டு பேரை, வேறு எந்த வேலையும் கொடுக்காமல், இதற்கென்றே வையுங்கள். விசுவாசத்துக்கு வந்த கதையைச் சாட்சியாகச் சொல்லக் கேட்க வேண்டாம், ‘இன்றைக்கு ஏதாவது புரியாமல் இருந்ததா?’ என்று கேட்டால் பேச்சு தானாக வரும். தொலைபேசி எண் அவராகக் கொடுத்தால் வாங்குங்கள், ஒரே ஒருவர் ஒரே ஒரு செய்தி அனுப்பட்டும். மூன்று பேர் மாறி மாறி அழைத்தால் அவர் எண்ணை மாற்றிவிடுவார்!

பெயரை அன்றே குறித்து, அடுத்த வாரம் வாசலில் நிற்கப்போகிறவரிடம் கொடுத்துவிடுங்கள்.