போதை சிகிச்சை அவரவர் பண்பாட்டோடு ஒத்துப்போக என்ன செய்யலாம்?

நோயாளியின் மொழி பேசும் ஊழியர் இருந்தால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். அது அவசியம்தான், ஆனால் போதாது.

கேள்வி கேட்கும்போதே சிக்கல் தொடங்கிவிடும். குடிப்பழக்கம் எந்த அளவு என்று கண்டறிய உதவும், உலக சுகாதார நிறுவனத்தின் 'ஆடிட்' (AUDIT) கேள்வித்தாளில் 10 கேள்விகள். அதில் ஒன்று, குடிக்கும் நாளில் எத்தனை 'டிரிங்க்' என்பது. ஒரு டிரிங்க் என்றால் சுமார் 10 கிராம் ஆல்கஹால். வீட்டில் காய்ச்சியதை ஒரே குடத்திலிருந்து நாலு பேராகப் பகிர்ந்து குடிப்பவர் இதற்கு என்ன பதில் சொல்வார்? எந்தப் பாத்திரம், எத்தனை பேர், எவ்வளவு நேரம் என்று கேளுங்கள். அப்போதுதான் உண்மையான அளவு கிடைக்கும்.

அடுத்தது குடும்பம். சிலருக்குக் குடும்பம் இல்லாமல் எந்த முடிவும் கிடையாது; சிலருக்கு வீடுதான் ஆபத்து. ஆகவே யாரைச் சேர்க்கலாம் என்பதை அவரிடமே தனியாகக் கேட்க வேண்டும். பிள்ளையை மொழிபெயர்க்க வைப்பது மட்டும் கூடவே கூடாது. அப்பாவின் குடியைப் பற்றிப் பேசும் சுமை குழந்தைக்கு எதற்கு?

பண்பாடு என்று சொல்லி பலன் நிரூபிக்கப்பட்ட மருந்தைக் கைவிடவும் கூடாது. ரமலான் நோன்பிருப்பவருக்கு, மருத்துவர் ஒப்புதலோடு மெத்தடோன் (ஹெராயின் போன்ற போதைக்கு அடிமையானவர்களுக்குத் தரும் மருந்து) வேளையை சூரியன் மறைந்த பிறகான நேரத்துக்கு மாற்றலாம். அதற்கு மருந்தகமும் மாலையில் திறந்திருக்க வேண்டும்.