அனுபவ ரிசீவரை டிரேட் செய்யலாமா? என்எஃப்எல் கேள்வி பதில்

மார்ச் மாதம் வந்தாலே அமெரிக்கக் கால்பந்து ரசிகர்களுக்குள் இந்தச் சண்டை ஆரம்பித்துவிடும். பல வருடம் ஒரே அணிக்கு ஆடிய ரிசீவர், அதாவது எறிகிற பந்தை ஓடிப் பிடிப்பவர். வயது முப்பதைத் தாண்டிவிட்டது, சம்பளமோ பெரிது. வைத்துக்கொள்வதா, டிரேட் செய்வதா, அதாவது வேறு அணிக்குக் கொடுத்துவிடுவதா?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்றாம் டவுனில் அவர் பிடிக்கிற பந்தை அடுத்த சீசனில் யார் பிடிப்பார் என்று பெயர் சொல்ல முடிந்தால் டிரேட் செய்யலாம். பெயர் சொல்ல முடியவில்லை என்றால், எத்தனை கோடி மிச்சமானாலும் செய்யக் கூடாது.

கே: அண்ணா, நான் இந்த ஆட்டத்துக்குப் புதுசு. மூன்றாம் டவுனில் அப்படி என்ன இருக்கிறது?

10 யார்டு முன்னேற ஓர் அணிக்கு நான்கு வாய்ப்பு. ஒவ்வொன்றும் ஒரு டவுன். நான்காவதில் பெரும்பாலும் பந்தை உதைத்து எதிரணிக்குக் கொடுத்துவிடுவார்கள் என்பதால், நிஜமான கடைசி வாய்ப்பு மூன்றாவதுதான். இன்னும் 6 யார்டு தேவை என்றால், பாஸ்தான் வரப்போகிறது என்று மைதானத்தில் எல்லாருக்கும் தெரியும். பந்தை எறிகிற குவார்ட்டர்பேக்குக்கு மூன்று விநாடி கிடைத்தாலே பெரிது. ரிசீவர் திரும்புவதற்கு முன்பே, அவர் திரும்பப்போகிற இடத்துக்குப் பந்தை எறிந்தாக வேண்டும். அந்த இடத்தில் அவர் இருப்பார் என்ற நம்பிக்கை பல சீசன் சேர்ந்து ஆடினால்தான் வரும். ஓட்டத்தில் அவரை மிஞ்சும் 22 வயதுப் பையன் கிடைப்பான். அந்த நம்பிக்கையோடு வருகிற பையன் கிடைக்க மாட்டான்.

கே: சார், 2024-இல் சார்ஜர்ஸ் கீனன் ஆலனை பேர்ஸுக்குக் கொடுத்தது சரியா? இன்னும் எனக்கு மனசு ஆறவில்லை.

ஆறாமல் இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. 2013 டிராஃப்டில், அதாவது கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் நிகழ்வில், மூன்றாம் சுற்றில் எடுத்த ஆள், 11 சீசன் ஆடியவர். போவதற்கு முந்தைய சீசனில் 13 ஆட்டத்தில் 108 கேட்ச், 1,243 யார்டு. இப்படிப்பட்டவரை நான்காம் சுற்று டிராஃப்ட் பிக், அதாவது ஒரு ஆளை எடுக்கும் முறை, ஒன்றுக்குக் கொடுத்தார்கள்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். ஜிம் ஹார்பா புதிதாகக் கோச்சாக வந்த நேரம். ஓர் அணியின் மொத்தச் சம்பளத்துக்கு லீக் வைக்கும் உச்சவரம்பை அணி மீறி நின்றது. கலீல் மாக், ஜோயி போசா இருவரும் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு தங்கினார்கள். இன்னொரு ரிசீவர் மைக் வில்லியம்ஸை விடுவித்தார்கள். ஆலன் குறைக்க ஒத்துக்கொள்ளவில்லை, மறுநாளே டிரேட். அதில் மிச்சமானது சுமார் 2.3 கோடி டாலர்.

அப்புறம் அவர்கள் செய்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. பேர்ஸிடமிருந்து வந்த அந்த 110-ஆவது பிக்கையும் தங்கள் 37-ஐயும் பேட்ரியட்ஸுக்குக் கொடுத்து, 34, 137 இரண்டையும் வாங்கினார்கள். அந்த 34-இல் எடுத்தது லாட் மெக்கான்கியை. வேகத்தைவிட ரூட் (முன்பே வகுத்த ஓட்டப் பாதை) ஓடும் நேர்த்தியால் தன்னைக் காக்கும் கார்னர்பேக்கைக் கழற்றிவிடுகிற ஆள், ஆலனின் அதே வகை. முதல் சீசனிலேயே 82 கேட்ச், 1,149 யார்டு. ஆலன் முதல் சீசனில் எடுத்ததைவிட அதிகம். அணியும் 11 வெற்றி, 6 தோல்வி (11-6) என்று பிளேஆஃப், அதாவது நாக்அவுட் சுற்று, போனது.

அதனால் சரி என்கிறேன், பாதிச் சரி. ஹூஸ்டனில் நடந்த பிளேஆஃப் ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். 32-12 தோல்வி. முழு சீசனிலும் 3 இன்டர்செப்ஷன் (எதிரணி பிடித்துவிடும் பாஸ்) மட்டுமே எறிந்த குவார்ட்டர்பேக் ஜஸ்டின் ஹெர்பர்ட் அன்று ஒரே ஆட்டத்தில் 4 எறிந்தார். அவருடைய 242 யார்டில் 197 மெக்கான்கிக்குப் போனது. நம்பி எறிய அந்த ஒரு பையனைத் தவிர வேறு யாரும் இல்லை. ஆலன், வில்லியம்ஸ் இருவரையும் ஒரே வாரத்தில் அனுப்பிவிட்டு ஒருவருக்கு மட்டும் மாற்று தேடியதன் விலை அது. 2025 ஆகஸ்டில் ஓராண்டு ஒப்பந்தத்தில் ஆலனையே திரும்பக் கூட்டி வந்தார்களே, அந்த இடம் காலியாகக் கிடந்தது என்று நிர்வாகமே ஒத்துக்கொண்டதாகத்தான் நான் அதை எடுத்துக்கொள்கிறேன்.

கே: ஆயிரம் யார்டு எடுத்தவருக்கு நான்காம் சுற்று பிக் மட்டும்தானா? ஏமாற்று இல்லையா?

இல்லை. வாங்குகிற அணி பிக்கை மட்டும் கொடுப்பதில்லை, அவருடைய பெரிய சம்பளத்தையும் சேர்த்துச் சுமக்கிறது. விற்கிற அணிக்கு வேறு வழியில்லை, பேரம் படியாவிட்டால் விடுவித்துவிடும் என்றும் அதற்குத் தெரியும். சும்மா காத்திருந்தாலே கிடைக்கக்கூடிய ஆளுக்கு யார் அதிகம் கொடுப்பார்கள்? 2022-இல் கௌபாய்ஸ் அமாரி கூப்பரை பிரௌன்ஸுக்குக் கொடுத்தபோது கிடைத்தது ஐந்தாம் சுற்று பிக், கூடவே ஆறாம் சுற்று பிக்கை இரண்டு அணியும் மாற்றிக்கொண்டன. வயதான ரிசீவரை விற்று அணியைப் புதிதாகக் கட்டிவிடலாம் என்று கனவு காணாதீர்கள்.

நல்ல விலை வேண்டுமென்றால் ஆட்டக்காரர் உச்சத்தில் இருக்கும்போதே விற்க வேண்டும். 2020-இல் வைக்கிங்ஸ் 26 வயது ஸ்டெஃபான் டிக்ஸை பில்ஸுக்குக் கொடுத்து முதல் சுற்று 22-ஆவது பிக்கை வாங்கியது. அதில் எடுத்தது ஜஸ்டின் ஜெஃபர்சனை. டிக்ஸும் பில்ஸில் முதல் வருடமே 127 கேட்ச், 1,535 யார்டு என்று லீக்கிலேயே முதலிடம். இரண்டு பக்கமும் ஜெயித்த டிரேட். ஆனால் 22-ஆவது பிக்கில் தினமும் ஒரு ஜெஃபர்சன் கிடைப்பதில்லை.

கே: அனுப்பிவிட்டால் சம்பளம் மிச்சம்தானே? டெட் கேப் என்று ஏதோ சொல்கிறார்களே தம்பி, கொஞ்சம் விளக்குங்கள்.

சொல்கிறேன் அண்ணே. நான்கு வருட ஒப்பந்தம், கையெழுத்து போனஸ் 2 கோடி டாலர் என்று வைத்துக்கொள்வோம். பணம் ஆட்டக்காரர் கைக்குப் போய்விடும், ஆனால் உச்சவரம்புக் கணக்கில் வருடத்துக்கு 50 லட்சமாகப் பிரித்து எழுதுவார்கள். இரண்டு வருடம் கழித்து டிரேட் செய்தால், மீதி 1 கோடியும் அந்த வருடக் கணக்கிலேயே மொத்தமாக விழும். ஆள் வேறு ஊரில் ஆடுவார், கணக்கு இங்கே நிற்கும். அதுதான் டெட் கேப்.

ஜூன் 1-க்குப் பிறகு டிரேட் செய்தால் பாதி இந்த வருடம், பாதி அடுத்த வருடம் என்று பிரிக்கலாம். ஆனால் அதற்குள் ஏப்ரல் டிராஃப்ட் முடிந்திருக்கும், அடுத்த வருட பிக்தான் கிடைக்கும்.

2024-இல் பில்ஸ் இதே டிக்ஸை டெக்ஸன்ஸுக்கு அனுப்பியபோது சுமார் 3.1 கோடி டாலர் டெட் கேப்பை ஏற்றுக்கொண்டது. அந்த வருட உச்சவரம்பே 25.54 கோடி. அத்தனை பெரிய தொகையை விழுங்கிவிட்டு 13-4 என்று முடித்தார்கள், குவார்ட்டர்பேக் ஜோஷ் ஆலன் எம்விபி, அதாவது சீசனின் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர், ஆனார். ஒரு ரிசீவரும் 1,000 யார்டு தொடவில்லை. முதலிடம் கலீல் ஷகீருக்கு, 821 யார்டு. ஆனாலும் அக்டோபரில் மூன்றாம் சுற்று பிக் கொடுத்து அனுபவசாலி அமாரி கூப்பரைக் கூட்டி வந்தார்கள் என்பதை மறந்துவிடாதீர்கள்.

கே: நான் ரேவன்ஸ் ரசிகன். எங்கள் ரிசீவர் ஆன்குவான் போல்டின் விஷயத்தில் உங்கள் கருத்து?

இந்தக் கேள்வி வரும் என்று காத்திருந்தேன். செய்யவே கூடாத டிரேட் எது என்று கேட்டால் நான் சொல்வது இதைத்தான்.

2013 பிப்ரவரி, நியூ ஆர்லியன்ஸ். சூப்பர் பவுல் இறுதி ஆட்டத்தின் நான்காம் குவார்ட்டர், ஃபார்ட்டிநைனர்ஸ் துரத்தி வந்துவிட்டார்கள், ரேவன்ஸின் முன்னிலை இரண்டே புள்ளி. மூன்றாம் டவுன், ஒரு யார்டுக்கும் குறைவாகத் தேவை. எல்லாரும் ஓட்டத்தை எதிர்பார்க்கிறார்கள். குவார்ட்டர்பேக் ஜோ ஃபிளாக்கோ பக்கவாட்டில் போல்டினுக்கு எறிகிறார். கார்னர்பேக் ஒட்டிக்கொண்டே வருகிறார், போல்டின் விலகி ஓடவே இல்லை. உடம்பைக் குறுக்கே வைத்து, திரும்பி, பந்தைப் பிடுங்குகிறார். 15 யார்டு. அந்த பிளேஆஃப் முழுவதும் அவருக்கு 22 கேட்ச், 380 யார்டு, 4 டச் டவுன். கோப்பை ரேவன்ஸுக்கு.

அடுத்த மாதமே 60 லட்சம் டாலர் சம்பளத்தில் 20 லட்சம் குறைக்கச் சொன்னார்கள். அவர் மறுத்தார். ஆறாம் சுற்று பிக்குக்கு, தாங்கள் தோற்கடித்த அதே ஃபார்ட்டிநைனர்ஸுக்குக் கொடுத்துவிட்டார்கள். அங்கே முதல் ஆட்டத்திலேயே பேக்கர்ஸுக்கு எதிராக 13 கேட்ச், 208 யார்டு. ரேவன்ஸ் 8-8, பிளேஆஃப் கிடையாது. ஃபிளாக்கோ 22 இன்டர்செப்ஷன். டென்னிஸ் பிட்டாவுக்குப் பயிற்சியில் இடுப்பு அடிபட்டதும் ஒரு காரணம், அதை மறைக்கவில்லை. ஆனால் அதுவே என் கட்சிக்குத்தான் பலம்: நம்பிக்கையான ஆள் இன்னொருவர்தான் இருந்தார், அவரும் விழுந்ததும் யாருமில்லை.

கே: டேவண்டே ஆடம்ஸுக்கு பேக்கர்ஸ் முதல் சுற்று, இரண்டாம் சுற்று பிக் இரண்டும் வாங்கினார்களே? அது நல்ல விலைதானே?

விலை நல்ல விலை. ஆடம்ஸே கல்லூரி நண்பர் டெரெக் காரோடு ஆட ரெய்டர்ஸுக்குப் போக விரும்பினார், அதனால் நிர்வாகத்தை முழுதாகக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 2022 சீசனின் முதல் ஆட்டம், முதல் பந்து நினைவிருக்கிறதா? பேக்கர்ஸ் குவார்ட்டர்பேக் ஏரன் ராட்ஜர்ஸ் அளந்து எறிகிறார், அந்த வருட டிராஃப்டில் எடுத்த ரிசீவர் கிறிஸ்டியன் வாட்சன் எல்லாரையும் தாண்டி ஓடிவிட்டார், எதிரே யாருமில்லை, 75 யார்டு டச் டவுன். பந்து கையில் பட்டுக் கீழே விழுந்தது. எதிரணியில் அன்று 184 யார்டு எடுத்தவர் ஜெஃபர்சன், டிக்ஸை விற்று எடுத்த அதே பையன். முந்தைய சீசனில் 13-4, அந்த சீசனில் 8-9. வாட்சன் திறமையான ஆள்தான். ஆனால் பிக் பலன் தரும்வரை காத்திருக்க ராட்ஜர்ஸிடம் வருடங்கள் இல்லை. 38 வயது குவார்ட்டர்பேக் இருக்கும் அணி எதிர்காலத்தை வாங்கக் கூடாது.

கே: சீஃப்ஸ் தங்கள் ரிசீவர் டைரீக் ஹில்லை விற்றுவிட்டு அடுத்த இரண்டு சூப்பர் பவுலையும் ஜெயித்தார்களே? உங்கள் விதி அங்கே என்னாச்சு?

அப்படியே நிற்கிறது. மூன்றாம் டவுனில் குவார்ட்டர்பேக் மஹோம்ஸ் முதலில் தேடியது டிராவிஸ் கெல்சியை. அவரை அவர்கள் தொடவில்லை.

கே: ஆள் இறங்குகிறார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வயதை வைத்தா?

வயதை மட்டும் வைத்து முடிவெடுத்தால் லாரி ஃபிட்ஜெரால்டை இழந்திருப்பீர்கள். அரிசோனாவிலேயே 17 சீசன். கோச்சாக புரூஸ் ஏரியன்ஸ் வந்ததும் ஓரத்திலிருந்து அவரை ஸ்லாட்டுக்கு, அதாவது உள்பக்கம், நகர்த்தினார். வேகம் குறைந்தவருக்கு அங்கே இரண்டு பக்கமும் வெட்ட இடம் கிடைக்கும். 2015, 2016, 2017 மூன்று சீசனிலும் நூறு கேட்சுக்கு மேல். அந்த மூன்றில் கடைசி சீசனில் வயது 34.

நான் மொத்த யார்டைப் பார்ப்பதில்லை. மேன் கவரேஜில், அதாவது ஒருவரை ஒருவரே ஒட்டிக் காக்கும்போது, ரூட்டின் வெட்டு முடிந்ததும் அவருக்கும் கார்னர்பேக்குக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று பார்ப்பேன். அது போன சீசனைவிடச் சுருங்கியிருந்தால் கவனிக்க வேண்டும். தொடைத் தசையோ கணுக்காலோ ஒவ்வொரு சீசனும் நான்கைந்து ஆட்டத்தைத் தின்கிறது என்றால் அது இன்னும் பெரிய அறிகுறி.

கே: கூப்பர் கப்பை ராம்ஸ் நடத்திய விதம் சரியா?

முடிவில் தப்பில்லை, விதம் எனக்குப் பிடிக்கவில்லை. 2021-இல் 145 கேட்ச், 1,947 யார்டு, 16 டச் டவுன், மூன்றிலும் லீக்கில் முதலிடம், மேலே சூப்பர் பவுல் எம்விபி. அதற்குப் பிறகு மூன்று சீசனும் காயம். மாற்று ஆள் பூக்கா நக்குவா கையிலேயே இருந்தார். என் விதிப்படி டிரேட் செய்யலாம். ஆனால் 2025 பிப்ரவரியில், தன்னை டிரேட் செய்யப் போகிறார்கள், தனக்கு அதில் சம்மதமில்லை என்று அவரே வெளியில் சொல்ல வேண்டி வந்தது. அந்தச் சம்பளத்துக்கு யாரும் வரவில்லை. மார்ச்சில் விடுவித்தார்கள். அவர் சொந்த மாநிலத்து அணியான சீஹாக்ஸில் சேர்ந்தார், ராம்ஸோடு வருடம் இரண்டு முறை மோதுகிற அணி. பிக்கும் கிடைக்கவில்லை, ஆளும் போட்டி அணியில். முதலில் அவரோடு உட்கார்ந்து பேசி, பிறகு சந்தைக்குப் போயிருக்கலாம்.

கே: சீசன் நடுவில் டிரேட் செய்யலாமா அண்ணா?

செய்யலாம் தம்பி, ஒன்பதாம் வாரம் முடிந்த செவ்வாய் வரை நேரம் உண்டு. ஆனால் நடுவில் புது ஆளுக்குச் சொல்லிக்கொடுக்க நேரம் கிடையாது. 2010 அக்டோபரில் பேட்ரியட்ஸ் நட்சத்திர ரிசீவர் ராண்டி மாஸை மூன்றாம் சுற்று பிக்குக்கு வைக்கிங்ஸுக்கு அனுப்பினார்கள். பைத்தியமா என்று கேட்டார்கள். சில நாளில் சியாட்டிலிலிருந்து நான்காம் சுற்று பிக் கொடுத்து டியான் பிராஞ்சைக் கூட்டி வந்தார்கள். பேட்ரியட்ஸ் குவார்ட்டர்பேக் டாம் பிரேடியோடு முன்பே இரண்டு சூப்பர் பவுல் ஜெயித்தவர், எந்த ரூட்டையும் புதிதாகக் கற்க வேண்டியதில்லை. திரும்பி வந்த முதல் ஆட்டத்திலேயே ரேவன்ஸுக்கு எதிராக 9 கேட்ச், 98 யார்டு, ஒரு டச் டவுன், ஓவர்டைமில் வெற்றி. அந்த சீசனை 14-2 என்று முடித்தார்கள்.