யார் காசில் கப்பல் ஏறினார்கள் என்று பாருங்கள்

கேள்வி: என் மருமகள் இங்கிலாந்துக்காரி. அவள் அம்மா வழியில் லங்காஷயர் பஞ்சாலைத் தொழிலாளிகள், அப்பா வழியில் பண்ணைக் கூலிகள். சொத்து பத்து இல்லாத இப்படிப்பட்ட குடும்பத்தில் எத்தனை தலைமுறை வரை முன்னோர்களைக் கண்டுபிடிக்க முடியும்? கடல் கடந்து போன கிளைகளையும் தேட முடியுமா?

பதில்:

முடியும். ஆறேழு தலைமுறை சாதாரணமாகவே கிடைக்கும். ஊர் சிறியதாக இருந்து, சர்ச் பதிவேடுகள் எலிக்கும் ஈரத்துக்கும் தப்பியிருந்தால் அதற்கு மேலும் போகலாம்.

என் மனைவி சஃபோக் மாவட்டத்துக்காரி. அவள் தாய்வழியில் 20ஆம் நூற்றாண்டு வரை எல்லோருமே பண்ணைக் கூலிகள்தான். ஓய்வு நேரத்தில் அந்த வழியைத் தேட ஆரம்பித்து, இப்போது மாமியார் வீட்டில் என்ன சந்தேகம் வந்தாலும் என்னைத்தான் கேட்கிறார்கள். “ஏழைகளைப் பற்றி யார் எழுதி வைத்திருக்கப் போகிறார்கள்” என்ற எண்ணத்தோடுதான் எல்லோரும் தொடங்குவார்கள். ஏழைக்காக யாராவது காசு செலவழிக்க வேண்டி வந்த ஒவ்வொரு இடத்திலும் இங்கிலாந்தில் காகிதம் உண்டாகியிருக்கிறது. அதனால் நான் எப்போதும் முதலில் கேட்பது ஒன்றுதான்: இந்த ஆளுக்கு யார் செலவு செய்தார்கள்? ஊருக்குள் தேடினாலும் சரி, கடலுக்கு அப்பால் தேடினாலும் சரி.

அடிப்படை ஆவணங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் அரசு பதிவு செய்யத் தொடங்கியது 1837 ஜூலை 1 முதல். ஆரம்பத்தில் பதியாமல் விட்ட குழந்தைகளும் உண்டு. 1875 முதல்தான் கெடுபிடி அதிகமானது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பத்தாண்டுக்கு ஒருமுறை. 1841 முதல் எல்லோருடைய பெயரும் இருக்கும். ஆனால் அந்த 1841 பட்டியலை நம்பி வயதைக் கணக்குப் போடாதீர்கள். 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்குக்குக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள், 34 வயதுக்காரர் 30 ஆகிவிடுவார். 1851-இல் இருந்துதான் பிறந்த ஊரும் குடும்ப உறவுமுறையும் தெளிவாக வரும். 1921 வரை பார்க்கலாம். 1931 ஏடுகள் 1942-இல் தீயில் போய்விட்டன, 1941-இல் போர் காரணமாக எடுக்கவே இல்லை. அந்த ஓட்டையை அடைக்க 1939 செப்டம்பர் 29 அன்று எடுத்த பதிவேடு இருக்கிறது.

1911 கணக்கெடுப்பை மட்டும் அவசரமாகப் புரட்டிவிடாதீர்கள். குடும்பத்தலைவர் தன் கையாலேயே நிரப்பிய படிவம் அப்படியே இருக்கிறது. மணமான பெண்களிடம் எத்தனை ஆண்டு தாம்பத்தியம், எத்தனை குழந்தை உயிரோடு பிறந்தது, எத்தனை இருக்கிறது, எத்தனை போயிற்று என்று கேட்டிருந்தார்கள். என் மனைவியின் கொள்ளுத்தாத்தாவைப் பெற்றவள் பெயருக்கு நேரே பிறந்தது 11, இருப்பது 7 என்று இருந்தது. எங்கள் பட்டியலில் அதுவரை ஒன்பது பேர்தான். விட்டுப்போன இருவரையும் அடக்கப் பதிவேட்டில் கண்டுபிடித்தோம். சர்ச்சிலும் அரசுப் பதிவிலும் ஒரே பெயர் இரண்டு தடவை வருவதற்கும் இதுதான் காரணம். இறந்த குழந்தையின் பெயரையே அடுத்துப் பிறந்த குழந்தைக்கு வைப்பார்கள். இணையத்தில் யாரோ ஏற்றிவைத்த வம்சாவளி மரங்களில் பாதிக் குழப்பம் இங்கேதான் வருகிறது. நான்கு வயதில் புதைத்த பையனுக்குக் கல்யாணம் செய்துவைத்து ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பிவைத்த மரங்களையும் பார்த்திருக்கிறேன்.

1837-க்கு முன்னால் போக வேண்டுமென்றால் பாரிஷ் பதிவேடு. பாரிஷ் என்பது ஒரு சர்ச்சின் எல்லைக்குட்பட்ட ஊர். ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றும் 1538-இல் இருந்து எழுதப்பட வேண்டும் என்பது ஆணை. எத்தனை ஊரில் அது தங்கியிருக்கிறது என்பது வேறு கதை. 1813 முதல் அச்சடித்த படிவம் வந்ததால் அப்பாவின் தொழிலும் தெரியும்.

இதுவரை சொன்னதெல்லாம் பெயரும் தேதியும்தான். பாரிஷின் ஏழை நிவாரணக் காகிதங்களில்தான் ஆளே பேசுவார். 1662 சட்டப்படி ஒவ்வொரு ஏழைக்கும் உரிமையுள்ள ஊர் ஒன்று இருக்க வேண்டும். நொடித்துப்போனால் அந்த ஊர்தான் சோறு போட வேண்டும். வேறு ஊரில் போய் உதவி கேட்டால், இரண்டு மாஜிஸ்திரேட்டுகள் முன்னால் சத்தியம் வாங்கிக்கொண்டு விசாரிப்பார்கள். எங்கே பிறந்தாய், எங்கே வேலை பார்த்தாய், எவ்வளவு கூலி, எப்போது கல்யாணம், எத்தனை பிள்ளைகள். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு மனிதரின் வாழ்க்கை வரலாறு ஒரே தாளில் இருக்கும், கீழே பெருக்கல் குறிபோல அவர் இட்ட கைநாட்டு. மணமாகாத ஆள் ஒரு பண்ணையில் முழுதாக ஓர் ஆண்டு வேலைக்கு அமர்ந்தால் அந்த ஊரில் உரிமை வந்துவிடும். அதனாலேயே 51 வாரத்துக்கு மட்டும் ஆள் எடுத்த பண்ணையார்கள் இருந்தார்கள். நம் ஊரில் நிரந்தரமாக்கிவிடுவார்களோ என்று ஒப்பந்த வேலையை இடையில் முறிப்பார்களே, அதே வித்தைதான்.

கொள்ளுத்தாத்தாவுக்குக் கொள்ளுத்தாத்தா ஒருவர் 1820களில் இப்படி விசாரிக்கப்பட்டிருக்கிறார். அவர் பிறந்த ஊரை நாங்கள் வருஷக்கணக்காகத் தப்பான இடத்தில் தேடிக்கொண்டிருந்தோம்; அந்த ஒரு தாளில் விடை கிடைத்தது. அவருடைய மாமியாரும் அதே ஊர்க் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறாள். செருப்புக்கு இவ்வளவு, விறகுக்கு இவ்வளவு, கடைசியில் சவப்பெட்டிக்கு இவ்வளவு. மணமாகாமல் குழந்தை பெற்றவளிடம் தகப்பன் பெயரைக் கேட்டு வாங்கியதும் ஒழுக்கத்துக்காக மட்டும் அல்ல, செலவை அவன் தலையில் கட்டுவதற்காக. நமக்கு அதனால் ஒரு பாட்டன் கிடைக்கிறார். இந்தக் காகிதங்கள் பெரும்பாலும் மாவட்ட ஆவணக் காப்பகத்தில் இருக்கும். எல்லாம் இணையத்துக்கு வரவில்லை, நேரில் போக வேண்டிவரும்.

இனி கடல் கடந்தவர்கள். இங்கேயும் அதே கேள்விதான். தன் கைக்காசில் டிக்கெட் வாங்கிப் போனவர்தான் தேடுவதற்குக் கஷ்டமான ஆள். 1890-க்கு முன்னால் இங்கிலாந்தை விட்டுப் புறப்பட்டவர்களின் பட்டியலைப் பெரும்பாலும் அரசு வைத்துக்கொள்ளவில்லை. 1890 முதல் 1960 வரை உள்ளவை இருக்கின்றன. அதற்கு முந்தைய காலத்துக்குப் போய் இறங்கிய நாட்டில்தான் தேட வேண்டும்.

அடுத்தவர் காசில் போனவர்களுக்கு நிலைமை நேர் எதிர். அரசே முழுச் செலவும் ஏற்று அனுப்பியவர்கள் யார்? குற்றவாளிகள். ஆஸ்திரேலியாவுக்கு நாடுகடத்தப்பட்டவர்கள் சுமார் 1,62,000 பேர். அவர்களின் உயரம், தலைமுடி நிறம், பச்சை குத்திய படம், சொந்த ஊர், படிப்பு எல்லாம் ஏட்டில் இருக்கும். 1830-இல் தெற்கு, கிழக்கு இங்கிலாந்தில் கூலிகள் கதிரடிக்கும் இயந்திரங்களை உடைத்துக் கலகம் செய்தார்களே, அதில் மட்டும் ஐந்நூறு பேருக்குக் கிட்ட அனுப்பப்பட்டார்கள். நேர்மையாக வாழ்ந்து செத்த தம்பியைப் பற்றி இரண்டு வரி கிடைக்கும். இயந்திரத்தை உடைத்த அண்ணனின் மூக்கு எப்படி இருந்தது என்பதுவரை தெரியும்.

டால்படில் கிராமத்து ஆறு பேரையும் இங்கே சொல்ல வேண்டும். டார்செட் மாவட்டப் பண்ணைக் கூலிகள். சங்கம் வைத்துச் சத்தியம் செய்துகொண்டதற்காக 1834-இல் ஏழாண்டு நாடுகடத்தல் விதித்தார்கள். ஊரெல்லாம் எதிர்ப்புக் கிளம்பி 1836-இல் மன்னிப்பு வந்தது, ஊர் திரும்பினார்கள். அப்புறம் 1840களின் நடுவில் ஜார்ஜ் லவ்லெஸ் உட்பட ஐந்து பேர் குடும்பத்தோடு கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்து லண்டன் நகர்ப் பக்கம் போய்விட்டார்கள். பழைய கதையைப் பற்றி அங்கே அவர்கள் வாய் திறக்கவில்லை. ஜேம்ஸ் ஹாமெட் மட்டும் டால்படிலிலேயே இருந்து, 1891-இல் ஏழை விடுதியில் இறந்தார். உங்கள் மருமகள் வீட்டில் ‘எங்கள் குடும்பத்தில் அப்படி யாரும் இல்லை’ என்று சொன்னால் அதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். புது நாட்டில் பேசாமல் விட்ட விஷயங்கள் எவ்வளவோ.

பாரிஷ்களும் ஆட்களை அனுப்பின. வருஷா வருஷம் நிவாரணம் கொடுப்பதைவிட ஒரே தடவை கப்பல் கூலி கொடுப்பது லாபம் என்ற கணக்கு. சசெக்ஸில் பெட்வொர்த் பகுதியில் இருந்து 1832 முதல் 1837 வரை சுமார் 1,800 பேர் ‘மேல் கனடா’ என்று அப்போது அழைக்கப்பட்ட, இன்றைய ஒன்டாரியோ பகுதிக்குப் போனார்கள். எக்ரிமான்ட் பிரபு பண உதவி செய்தார், பாதிரியார் தாமஸ் சாக்கெட் ஏற்பாடுகளைக் கவனித்தார். போனவர்கள் வீட்டுக்கு எழுதிய கடிதங்களை, மற்றவர்களும் கிளம்பட்டும் என்று சாக்கெட் அச்சிட்டார். அதன் புண்ணியத்தில் அந்தக் கூலிகளின் குரல் இன்றும் படிக்கக் கிடைக்கிறது.

எங்கள் குடும்பத்துக் கிளை போனது நியூசிலாந்துக்கு. ஜோசப் ஆர்ச் 1872-இல் வார்விக்‌ஷயரில் தொடங்கிய பண்ணைத் தொழிலாளர் சங்கம் சஃபோக்கிலும் பரவியிருந்தது. 1874-இல் வாரக் கூலியில் ஒரு ஷில்லிங் கூட்டிக் கேட்டதற்குப் பண்ணையார்கள் சங்கக்காரர்களை வேலையை விட்டே வெளியே நிறுத்தினார்கள். அதே சமயத்தில் நியூசிலாந்து அரசு ஆள் வேண்டும் என்று இலவசமாகவே கப்பலேற்றிக்கொண்டிருந்தது. அந்த ஓர் ஆண்டில் மட்டும் சுமார் 32,000 பேர் இப்படிப் போயிருக்கிறார்கள். கொள்ளுத்தாத்தாவின் பெரியப்பாவும் அதில் ஒருவர். அரசுக் காசு என்பதால் வயது, தொழில், மாவட்டம் மூன்றும் பட்டியலில் இருந்தன.

பயணம் ஒன்றும் சுகமானதல்ல. அதே 1874 செப்டம்பரில் ஆக்லாந்துக்குப் புறப்பட்ட கோஸ்பாட்ரிக் கப்பல் நவம்பரில் நன்னம்பிக்கை முனைக்குத் தெற்கே தீப்பற்றியது. 470 பேருக்கு மேல் இருந்ததில் பிழைத்தது மூன்றே பேர். ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரில் ஷிப்டன் அண்டர் விச்வுட் என்ற ஒரே கிராமத்தில் இரண்டு குடும்பங்களைச் சேர்ந்த 17 பேர் அதில் போய்விட்டார்கள், அவர்களுக்கு ஊரில் நினைவுச் சின்னம் இருக்கிறது. கிளை திடீரென்று அறுந்துபோனால் கப்பல் விபத்துகளையும் ஒரு கண் பாருங்கள்.

ஒரு உபாயம் சொல்கிறேன், பலர் இதைத் தவற விடுகிறார்கள். இங்கிலாந்தின் பழைய இறப்புச் சான்றிதழில் பெற்றோர் பெயர் இருக்காது. நியூசிலாந்தில் 1876-க்குப் பிறகும், ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் 1853 முதலும் பெற்றோர் பெயர், தாயின் பிறந்த வீட்டுப் பெயர், எங்கே பிறந்தார், நாட்டுக்கு வந்து எத்தனை ஆண்டு என்பதெல்லாம் எழுதினார்கள். ஆகவே இங்கிலாந்தில் தங்கிவிட்ட தாத்தாவின் பெற்றோரைத் தெரிந்துகொள்ள, வெளிநாட்டில் செத்த அவர் தம்பியின் சான்றிதழை வாங்குங்கள். கூடவே ‘பேப்பர்ஸ் பாஸ்ட்’ (நியூசிலாந்து), ‘ட்ரோவ்’ (ஆஸ்திரேலியா) இரண்டு தளங்களிலும் பழைய செய்தித்தாள்கள் இலவசம். இரங்கல் குறிப்பில் ஊர்ப் பெயர் மாட்டும்.

கார்ன்வால் சுரங்கக்காரர்களைப் பற்றி ஒரு வரி. செம்பு விலை 1860களில் சரிந்ததும் அவர்கள் தெற்கு ஆஸ்திரேலியாவின் மூன்டா, அமெரிக்காவின் மிச்சிகன் என்று போனார்கள். கோலார் தங்கவயலுக்கும் வந்தார்கள். 1880 முதல் அதை நடத்திய ஜான் டெய்லர் நிறுவனம் கார்ன்வால் ஆட்களைக் கொண்டுவந்தது. ஆழத்தில் இறங்கி வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் நம் வட ஆர்க்காட்டு, தர்மபுரிப் பக்கத்துத் தமிழர்கள். அந்தத் தமிழர் குடும்பங்களின் வம்சத்தை இதேபோலத் தேட முடியாமல் இருப்பது எனக்கு உறுத்தலான விஷயம், ஆனால் அது வேறு கேள்வி.

உங்கள் மருமகளின் லங்காஷயர் வழிக்கு வருகிறேன். 1861 முதல் 1865 வரை அமெரிக்க உள்நாட்டுப் போரால் பஞ்சு வராமல் ஆலைகள் பட்டினி கிடந்தன. அப்போதும் அதற்குப் பின்னரும் நெசவாளர்கள் மாசசூசெட்ஸின் ஃபால் ரிவர், நியூ பெட்ஃபோர்ட் ஆலைகளுக்குப் போனார்கள். பெரும்பாலும் சொந்தக் காசு, இல்லையென்றால் முன்னால் போன அண்ணன் அனுப்பிய டிக்கெட். அதனால் ஆரம்பக் காலப் பட்டியல்களில் பெயரும் வயதும் தவிர அதிகம் இருக்காது. 1893 முதல் அமெரிக்கத் துறைமுகப் பட்டியல்களில் யாரிடம் போகிறாய், டிக்கெட்டுக்குக் காசு கொடுத்தது யார் என்று கேட்கத் தொடங்கினார்கள். நான் கேட்கும் அதே கேள்வி! 1900 அமெரிக்கக் கணக்கெடுப்பில் வந்த ஆண்டும் இருக்கும். கனடா என்றால், 1869-இல் தொடங்கி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஏழைப் பிள்ளைகளைத் தர்ம நிறுவனங்கள் அங்கே அனுப்பின என்பதை நினைவில் வையுங்கள். எல்லோரும் அநாதைகள் அல்ல. தனியாக ஒரு பத்து வயதுப் பையன் ஒன்டாரியோ பண்ணையில் தென்பட்டால் சந்தேகப்படுங்கள்.

போனவர்களில் கணிசமான பேர் திரும்பியும் வந்தார்கள். லங்காஷயர் கணக்கெடுப்பில் ஒரு வீட்டில் நடுப்பிள்ளை மட்டும் ‘அமெரிக்காவில் பிறந்தது’ என்று இருந்தால் கதை அவ்வளவுதான்: போனார்கள், பிடிக்கவில்லை, வந்துவிட்டார்கள். இன்னொன்று, லங்காஷயரில் எந்த வழியைத் தொட்டாலும் சீக்கிரமே ஒரு அயர்லாந்துப் பாட்டி வந்து நிற்பாள். அயர்லாந்தில் 1922 தீயில் ஏராளமான பழைய ஆவணங்கள் போய்விட்டதால் வேகம் குறையும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் 10 பவுண்டு கட்டணத்தில் ஆஸ்திரேலியா போன கிளை இருந்தால், அவர்களின் கோப்புகள் ஆஸ்திரேலியத் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கும். அதற்கு முன்னால் மருமகளின் வீட்டில் வயதான அத்தை யாராவது இருந்தால் இந்த வாரமே போன் போட்டுப் பேசச் சொல்லுங்கள். 1951 கணக்கெடுப்பு திறக்க 2052 ஆகும்.